பெயிலான ஆள் தேவை

கரி மூட்டத்துப் புகை முதுகுக்குப் பின்னால் இன்னும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் திருச்சுழியை நோக்கி நடந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு சட்டை, ஒரு கைலி, ஒரு பித்தளைத் தம்ளர்.

சண்டை ஒன்றும் இல்லை. மூட்டத்துக்காரர் நல்ல மனுஷன்தான். சீமைக்கருவேலங் கட்டைகளை அடுக்கி, வைக்கோல் போட்டு, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்துவிட்டுப் புகையின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டைகளை அடைக்க வேண்டும். அதுதான் வேலை. அன்று காலையில் காறித் துப்பினேன். கறுப்பாக வந்தது. போதும் என்று தோன்றியது. "வாரேன் முதலாளி" என்றேன். "எங்கடா போறே?" என்றார். எனக்கே தெரியாததை அவரிடம் எப்படிச் சொல்ல?

உண்மையில் பாதி தெரியும். மறுநாள் விடிகாலையில் அருப்புக்கோட்டையிலிருந்து ஆந்திராவுக்கு லோடு கிளம்பும் ஒரு லாரியில் கிளீனர் வேலை இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். ஆந்திராவை நான் பார்த்ததில்லை. அந்த வயதில் எனக்கு அந்தக் காரணமே போதும்.

பங்குனி வெயில். பருத்தி எடுத்து முடித்த கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. செருப்புக்கு அடியில் ரோட்டுத் தார் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

சுவரைப் படித்தவன்

மூட்டத்தில் இருந்தால் நாள் முழுக்கப் பேச ஆள் கிடையாது. அதனால் எனக்கு ஒரு பழக்கம் தொற்றியிருந்தது. கண்ணில் படும் எழுத்தையெல்லாம் சத்தமாக வாசிப்பேன். மைல் கல், லாரியின் பின்பக்கம், பொட்டலம் கட்டின பேப்பர், எதையும் விடமாட்டேன்.

திருச்சுழி பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது எதிர்ச் சுவரில் வயிற்று வலிச் சூரணத்துக்கு விளம்பரம் எழுதியிருந்தது. நின்று, ராகம் போடாத குறையாக முழுவதையும் வாசித்தேன்.

"யாரும்மா அது, சுவத்தைப் படிக்கிறது?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

வேப்பமரத்தடியில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். அவள் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. பார்வை மட்டும் எனக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகப் போனது. பார்வை இல்லாத பெண் என்று அப்போதுதான் புரிந்தது.

"யாரோ கரிக்காரத் தம்பி" என்றாள் தாய். "நீ சும்மா இரு."

மகள் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, நல்லா நிப்பாட்டி நிப்பாட்டி வாசிக்கீகளே, எத்தனாவது வரைக்கும் படிச்சீக?"

முன்பின் தெரியாத பெண்ணிடம் பெருமையடிக்க எனக்கு ஒன்றும் இல்லை. "ஒம்பதாவது பெயிலு தாயி" என்றேன்.

அவள் துள்ளி எழுந்துவிட்டாள். "யம்மா! பெயிலாம்மா! கேட்டியா, பெயிலாம்!"

என் வாழ்நாளில் அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு ஜீவன் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

பி.ஏ. படித்தவர் செய்த பிழை

அவள் பெயர் அருள்மேரி. தாய் ஞானம்மா. திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். கிறிஸ்தவக் குடும்பம்; எங்கள் பக்கத்தில் வேதக்காரர்கள் என்போம். மறுநாள் காலை அருள்மேரிக்குப் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு தொடங்குகிறது. அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும்.

அவர்கள் சர்ச் உபதேசியாரின் மகள் எழுதுவதாக இருந்தது. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. அதற்கு அம்மை வார்த்துவிட்டது.

நம்ம பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வழக்கம். ஒரு காரியத்துக்கு ஆள் கூப்பிடுவதென்றால் உள்ளதிலேயே பெரிய ஆளாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். மனு எழுதவும் மொய் எழுதவும் படித்தவர்தான் வேண்டும். ஞானம்மாவும் அப்படியே செய்தாள். பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒருவரைத் தேடிப்போய்க் கெஞ்சினாள். அவருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவரும் இஸ்திரி போட்ட சட்டையோடு அன்று காலை திருச்சுழிக்கு வந்து, தேர்வுக்கூடத்துக் கண்காணிப்பாளர் முன்னால் நிமிர்ந்து நின்றிருக்கிறார்.

"பி.ஏ.வா? முடியாது" என்றுவிட்டார் கண்காணிப்பாளர். பத்தாவது தேறியவர் எவரும் எழுதக் கூடாதாம். விடையைத் தானே சேர்த்து எழுதிவிடுவார் என்று சந்தேகம். அப்படித்தான் விதி என்று அன்றைக்குச் சொன்னார்கள்.

பி.ஏ. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். கோழி போனது போனதுதான்.

"ஊருல பெயிலான ஆளே இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"எழுதத் தெரிஞ்ச பெயிலெல்லாம் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் போயிருச்சு தம்பி. மிச்சம் இருக்கிறவுகளைக் கேட்டா, ஒருத்தன்கூட பெயில்னு ஒத்துக்கிட மாட்டேங்கான்."

கல்யாணப் பத்திரிகையில் பூகோளம்

இங்கே கொஞ்சம் விலகிப் போக வேண்டும். அந்தப் பெண் பத்தாவது வரை வந்த வழியைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. இதெல்லாம் அன்று மரத்தடியில் பாதியும் பஸ்ஸில் பாதியுமாக அவள் சொன்னது.

பாளையங்கோட்டைப் பக்கம் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் தங்கி எட்டாவது வரை படித்திருக்கிறாள். விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை அங்கேதான் கற்றாள். அப்பா செத்ததும் தாய்க்குத் துணையாக ஊருக்கு வந்தவள், வீட்டில் தீப்பெட்டி ஒட்டினாள். அப்புறம் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே புள்ளி எழுத்தில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது.

அவளே புத்தகம் செய்துகொண்டாள். குத்துவதற்குக் கனத்த தாள் வேண்டும். ஊரில் கனத்த தாள் என்றால் கல்யாணப் பத்திரிகைதான். கல்யாணம் முடிந்த வீடுகளிலெல்லாம் ஞானம்மா போய்ப் பத்திரிகை கேட்பாள். அருள்மேரியின் பூகோளம் முழுவதும் யார் யாருடைய கல்யாணத்தின் மேலோ குத்தப்பட்டிருந்தது.

பஸ் பாஸ் வாங்கிய கதை தனி. கண் தெரியவில்லை என்று விருதுநகரில் டாக்டர் எழுதித் தர வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போட்டதும் சீல் வைப்பவர் அன்று லீவு. மறுபடி போனால் டாக்டர் லீவு. "பாஸ் வாங்க அலைஞ்ச பஸ்ஸுக்கெல்லாம் டிக்கெட் எடுத்துத்தான் போனோம்" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே.

பாடத்தை யாராவது வாசித்துச் சொல்ல வேண்டுமே? அதற்கு ஊரில் மைக்செட் வைத்திருந்த முனியசாமி கைகொடுத்தார். பழைய பாட்டு கேசட்டுகளில் பாடத்தைப் பதிவு செய்து தந்தார். டீச்சர் வாசிப்பார். அக்பரின் ஆட்சி முறை முடிந்ததும், அழிக்காமல் விட்ட குத்துப்பாட்டு ஒன்று தானாகக் கிளம்பும். அவளுக்கு அது இடைவேளை மணி மாதிரி.

ஒரு தடவை பெட்டி மாறிப்போய் ஒரு காதுகுத்து வீட்டில் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டார்கள். கூம்பு ஸ்பீக்கரில் ஊர் முழுக்கத் தாவரங்களின் மகரந்தச் சேர்க்கை. பந்தலில் இருந்த பெரிய ஆட்கள் ஏதோ அரசாங்க அறிவிப்பு என்று எழுந்து நின்று கேட்டார்களாம். தாய்மாமன் மட்டும், "ஏலே, பூவுக்குள்ள நடக்கிற சங்கதியெல்லாம் இங்க எதுக்குடா? நிப்பாட்டுங்கடா" என்று கத்தியிருக்கிறார்.

இவ்வளவும் எதற்கு? மதுரையில் பார்வையற்றோருக்கு டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி ஒன்று இருந்தது. பத்தாவது தேறியிருந்தால்தான் சேர்ப்பார்கள். ஆனி மாதத்துக்குள் சேர வேண்டும்.

"டெலிபோன்ல ரெண்டு பக்கமும் ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாதுல்ல" என்றாள். "எல்லாரும் என்னைய மாதிரித்தான்."

பரீட்சை தவறினால் மறுபடி தீப்பெட்டி. அதை அவள் சொல்லவில்லை. ஞானம்மா சொன்னாள்.

அத்தாட்சி

அப்படியே மூவருமாகத் தேர்வுக்கூடத்துக்குப் போனோம். கண்காணிப்பாளர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். உடம்பெல்லாம் கரி.

"எழுத வருமா?"

ஒரு தாளில் என் பெயரை எழுதிக் காட்டினேன். என் கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அவர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் சந்தேகப்பட்டார்.

"ஒன்பதாவது பெயில் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"பெயில்னு பொய் சொல்லிக்கிட்டு வாரவனை எங்கயாவது பாத்திருக்கீகளா சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "டி.சி. கொண்டு வா. இல்லாவிட்டால் உன்னைப் பெயிலாக்கின வாத்தியாரிடம் எழுதி வாங்கி வா. நாளைக் காலையில் வந்தால் போதும்."

டி.சி.யை நான் வாங்கவே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நான் வெளியே வந்த முறைக்கு டி.சி. தர மாட்டார்கள். ஆனால் வாத்தியார் இருந்தார். பாளையம்பட்டியில் வீடு. இன்னும் வேலையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"எப்படியும் நான் அருப்புக்கோட்டைக்குத்தான் போறேன். வாங்க, போற வழியில எழுதி வாங்கித் தந்திருதேன்" என்றேன். என்ன சொன்னேன் என்று அப்போது எனக்கே சரியாகப் புரியவில்லை. காகிதத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு நான் லாரியில் ஏறிவிட்டால் எழுதுவது யார்? அருள்மேரி அதைக் கேட்கவில்லை. தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பாளையம்பட்டியில் ஒரு பொண்ணு வீடு

பாளையம்பட்டியில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. கரி மூஞ்சியோடு வாத்தியார் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சம். "நீங்க முன்னால போய்ப் பேசிக்கிட்டு இருங்க. நான் கழுவிட்டு வாரேன்" என்று தெருக்குழாய்ப் பக்கம் போனேன். குழாய் வாத்தியார் வீட்டு ஜன்னலை ஒட்டி இருந்தது. உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

ஞானம்மா என் பெயரைச் சொல்லி, "அந்தத் தம்பி எதுவரைக்கும் படிச்சிருக்குன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்யா" என்று ஆரம்பித்தாள். கூட மகள்.

ஒரு வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு தாய் இப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார்கள். விசாரிக்க வருகிறவர்களிடம் பையனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். இல்லாததைச் சொன்னாலும் பாவமில்லை. ஒரு கல்யாணத்தைக் கெடுப்பதுதான் பாவம். வாத்தியார் தர்மம் தெரிந்தவர்.

"அவனா? தங்கமான பையனாச்சே" என்றார். "பத்தாவது முடிச்சான்."

குழாயடியில் நான் சோப்பைக் கீழே போட்டேன்.

"பத்தாவது... பாஸாய்யா?" ஞானம்மாவின் குரல் இறங்கியது.

வாத்தியார் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார். பத்தாவது போதாது போலிருக்கிறது. "பாஸுதான். நல்ல மார்க்கு. மேல பிளஸ் டூவும் படிச்சான்."

"ஐயோ" என்றாள் ஞானம்மா.

"அதுவும் முடிச்சான்னுதான் நினைக்கேன். டைப்பு கூடப் படிச்சதாகக் கேள்வி."

இன்னும் சிறிது நேரம் விட்டால் என்னைக் கலெக்டர் ஆக்கியிருப்பார். ஞானம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "பாவி, பெயில்னு சொல்லி ஏமாத்திட்டானே!"

வாத்தியாரின் மனைவி காப்பியோடு வந்தாள். "எதுக்கும்மா அழுதீக? படிப்பு கூடுனா நல்லதுதானே. ஆமா, நீங்க வேதக்காரவுகளோ?"

"இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்குறா? நீ சும்மா இரு" என்று வாத்தியார் அதட்டினார்.

"இல்ல, கேட்டேன். பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமா? கண்ணு இல்லாட்டியும் சில பிள்ளைக நல்லாச் சமைக்கும்..."

அங்கேதான் அருள்மேரிக்கு வெளிச்சமாகிவிட்டது. அவள் சிரித்த சிரிப்பு தெருக்குழாய் வரை வந்தது. "சார், சார்! நான் கல்யாணத்துக்கு வரலை சார். பரீட்சைக்கு வந்திருக்கேன். எனக்கு அவுக பெயிலாத்தான் வேணும்."

ஈரத் தலையோடு நான் உள்ளே நுழைந்தேன். வாத்தியார் என்னைப் பார்த்தார். விஷயத்தை அவள் விளக்கினாள். அவர் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், பாவம்.

"இவனா!" என்றார். "இவன் பெயிலாகாம வேற எவன் பெயிலாவான்? கணக்குப் பரீட்சைக்குப் பேப்பரை வாங்கிப் பேரை மட்டும் அழகா எழுதி, சுத்திப் பூப்போட்டுக் குடுத்துட்டுப் போனவன். அறிவியலுக்கு வரவே இல்ல. கண்மாய்ல மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தான். நானே பாத்தேன்!"

ஞானம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருப்பீகய்யா. இன்னும் சொல்லுங்க" என்றாள்.

வாத்தியார் தாளை எடுத்து, எழுத எழுத வாசித்தார். மேற்படியார் ஒன்பதாம் வகுப்பில் தேர்ச்சி பெறவில்லை என்றும், தமக்குத் தெரிந்தவரை அதற்கான முயற்சியும் அவர் செய்ததில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

ஒரு வார்த்தை கூடிப்போச்சு

காகிதத்தை மடித்து ஞானம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்போதுதான் அருள்மேரி கேட்டாள். "அண்ணே, நீங்க அருப்புக்கோட்டைக்குப் போறீக. எழுதுறது யாரு?"

அவள் கெஞ்சவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

ஆந்திரா எங்கேயும் போய்விடாது என்று நினைத்தேன். லாரிக்கு வேறு கிளீனர் கிடைப்பான். இந்தப் பெண்ணுக்குப் பெயிலான இன்னொருவனை இந்த ராத்திரிக்குள் யார் தேடுவது? "நான்தான்" என்றேன்.

"அப்ப ஒரு பரீட்சை" என்றாள் உடனே. "நான் சொல்றதை எழுதுங்க. சார் வாசிச்சுப் பாக்கட்டும்."

கண்மாய்களின் பயன் பற்றி ரெண்டு மூன்று வரி சொன்னாள். எழுதினேன். வாத்தியார் வாங்கி வாசித்தார். "கண்மாய் நீரால் வயல்கள் செழிக்கின்றன" என்று அவள் சொன்னது, என் கையில் "கண்மாய் நீரால் வயல்கள் பச்சைப் பசேலெனச் செழிக்கின்றன" என்று ஆகியிருந்தது.

"பச்சைப் பசேல் நான் சொல்லலியே" என்றாள்.

"அழகா இருக்கட்டும்னு..."

"வேண்டாம். எனக்குப் பச்சையும் தெரியாது, பசேலும் தெரியாது. ஒரு வார்த்தை சேத்தீகன்னா அது உங்க பரீட்சை ஆயிரும்."

"எம் பரீட்சைதான் எப்பவோ முடிஞ்சு போச்சே தாயி."

"அதான் சொல்றேன். இது எனக்கு."

அன்று ராத்திரி அவர்கள் ஊரில், முனியசாமியின் மைக்செட் கொட்டகையில், கூம்பு ஸ்பீக்கர்களுக்கு நடுவே படுத்துத் தூங்கினேன். அவர் தன் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். தோளில் கொஞ்சம் பிடித்தது.

மறுநாள் காலை

கண்காணிப்பாளர் வாத்தியாரின் காகிதத்தை வாசித்தார். பாதியில் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "போங்க" என்றார்.

எங்களுக்குத் தனி அறை. ஒரு பெஞ்சு, ஒரு மேஜை. கதவோரம் ஒரு டீச்சர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். பத்தாவது பரீட்சை நடக்கும் இடத்துக்குள் அன்றுதான் முதன்முதலாக நுழைந்தேன். பேனாவை ரெண்டு தடவை உதறிப் பார்த்தேன். அவள் நிதானமாக உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்தது. தமிழ் முதல் தாள். கேள்விகளை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ரெண்டாவதைத் திரும்ப வாசிங்க" என்றாள். வாசித்தேன். சொல்ல ஆரம்பித்தாள். எழுத ஆரம்பித்தேன்.

நாலைந்து விடை நன்றாகப் போனது. அடுத்த கேள்விக்கு ஒரு பாட்டை எழுதியவர் பெயரைச் சொன்னாள். அது தப்பு என்று எனக்குப் பட்டது. எல்லாவற்றையும் மறந்த எனக்கு அந்த ஒன்று மட்டும் எப்படியோ நினைவில் நின்றிருந்தது. பேனாவின் கீறல் சத்தம் ஒரு கணம் நின்றது. நான் வாயே திறக்கவில்லை.

"டீச்சர்" என்றாள் அருள்மேரி, கதவுப் பக்கம் திரும்பி. "இவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கிடலாமா? பாட விஷயம் இல்ல."

"சத்தமாச் சொல்லு" என்றார் டீச்சர்.

"அண்ணே, பேனா நிக்கக் கூடாது. நின்னா நான் சொன்னது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா மாத்தத் தோணும். அது களவு மாதிரி. நான் என்ன சொன்னாலும் ஒரே ஓட்டமா ஓடிக்கிட்டே இருக்கணும்."

டீச்சர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி தாயி" என்றேன்.

"நான் சொன்ன பேரையே எழுதுங்க."

எழுதினேன். தப்பான பெயரை என் நல்ல கையெழுத்தில் எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.

"அடுத்த கேள்வி" என்றாள்.